பாலாடைக்கட்டியும் காலாவதித் தேதியும்

இத்தாலியின் வடபகுதியில் உள்ள எமிலியா-ரோமான்யா மாகாணத்தில் கிரெடிட்டோ எமிலியானோ என்றொரு வங்கி இருக்கிறது. நம்மூர் வங்கிகள் தங்க நகையை அடகு பிடித்துக் கடன் கொடுப்பதைப்போல, அந்த வங்கி 1953-ஆம் ஆண்டு முதல் பாலாடைக்கட்டியை அடகு பிடித்துக் கடன் கொடுக்கிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ எனப்படும் அந்தக் கட்டி ஒவ்வொன்றும் சக்கர வடிவில், சுமார் 40 கிலோ எடை கொண்டது. வங்கியின் கிடங்குகளில் இத்தகைய சக்கரங்கள் லட்சக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

அடகுப் பொருளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. கடன் தீரும்வரை அதன் மதிப்பு குறையக் கூடாது. காய்ச்சாமல் வெளியில் வைத்தால் சில மணி நேரத்தில் திரிந்துபோகும் பாலிலிருந்து செய்த ஒரு பொருள் இந்த இலக்கணத்துக்குப் பொருந்துகிறது. அதுமட்டுமன்றி, நாளாக ஆக அதன் விலை ஏறவும் செய்கிறது. குறைந்தது 12 மாதங்கள் முதிர்ந்த பிறகே அதனைப் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்க முடியும். 24 மாதங்கள், 36 மாதங்கள் முதிர்ந்தவற்றுக்கு விலை இன்னும் அதிகம்.

அதே பாலிலிருந்து செய்யப்படும் பன்னீரோ, உறையைப் பிரித்த இரண்டு, மூன்று நாள்களில் கெட்டுவிடுகிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில்தான் இன்று நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளில் இடம்பிடித்திருக்கும் சீஸ் துண்டுகளும், பீட்சாவுக்கான துருவிய சீஸும், செடார் கட்டிகளும் இருக்கின்றன. ஆனால், எல்லா உறைகளின் மீதும் அச்சிடப்பட்டிருப்பது ஒரே மாதிரியான ஒரு தேதிதான்.

அந்தத் தேதியை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். தேதி கடந்துவிட்டால் பொருள் எப்படி இருந்தாலும் குப்பையில் போடுகிறோம். தேதி கடக்கவில்லை என்றால் உறையைப் பிரித்து எத்தனை நாளானாலும் உண்கிறோம். பாலாடைக்கட்டியைப் பொறுத்தவரை இந்த இரண்டு பழக்கங்களுமே தவறானவை. முதலாவதால் பணம் வீணாகிறது. இரண்டாவதால் உடல்நலம் கெடக்கூடும். இந்த வேறுபாட்டை உணர்ந்துகொள்ள, பாலாடைக்கட்டி ஏன் கெடுகிறது, ஏன் கெடாமல் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிப்படையில் பாலாடைக்கட்டி என்பது பாலைச் சேமித்து வைக்க மனிதன் கண்டறிந்த வழி. பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் நீர். நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நீரும் உணவும் வேண்டும். பாலில் இரண்டும் தாராளமாக இருக்கின்றன. பாலை உறையச் செய்து, பிரிந்து வரும் தெளிநீரை வடித்து, எஞ்சிய கட்டியில் உப்பேற்றி, அழுத்தி, உலர வைக்கும்போது அந்த நீர் வெளியேறுகிறது. பாலில் உள்ள சர்க்கரையை நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. ஆகவே, கெடுதல் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அங்கே நீரும் குறைவு, உணவும் குறைவு. புளிப்பும் உப்பும் அவற்றுக்குப் பகை.

இது நமக்குப் புதிய அறிவு அன்று. கருவாட்டிலும், மோர்மிளகாயிலும், நார்த்தங்காய் ஊறுகாயிலும் இதே மூன்று காவலர்கள்தான் இருக்கிறார்கள்: உலர்ச்சி, உப்பு, புளிப்பு. பாலை மட்டும் நாம் இந்த வழியில் கொண்டு செல்லவில்லை. நாம் அதைத் தயிராக்கி, மோராக்கி, வெண்ணெயாக்கி, இறுதியில் நெய்யாக உருக்கினோம். நெய்யில் நீர் ஏறத்தாழ முழுமையாக வெளியேறிவிடுவதால்தான் அது மாதக்கணக்கில் வெளியிலேயே இருக்கிறது.

எனவே, ஒரு பாலாடைக்கட்டி எவ்வளவு காலம் இருக்கும் என்ற கேள்விக்கு விடை அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. பார்மிஜானோவில் நீர் ஏறத்தாழ 30 சதவீதம். செடார் போன்ற கெட்டியான வகைகளில் 40 சதவீதத்துக்கும் குறைவு. பன்னீரிலும் புதிய மொஸரெல்லாவிலும் பாதிக்கு மேல் நீர்தான். பன்னீரில் உப்பும் இல்லை, புளிப்பும் அதிகம் இல்லை. அதாவது மூன்று காவலர்களில் ஒருவர்கூட முழுமையாகப் பணியில் இல்லை.

நம் கடைகளில் துண்டுகளாகவும் சிறு கட்டிகளாகவும் டின்களிலும் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை 'பிராசஸ்டு சீஸ்' எனப்படும் வகை. இயற்கையான பாலாடைக்கட்டியைச் சில உப்புகளுடன் சேர்த்து உருக்கி, சூடாகவே உறையிலிட்டு அடைப்பது இதன் முறை. 1911-இல் சுவிட்சர்லாந்தில் இது உருவாக்கப்பட்டது. 1916-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் இதையொத்த ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு டின்களில் அடைத்து அனுப்பப்பட்டது இதுதான். உருக்கும் வெப்பத்தில் நுண்ணுயிர்கள் மடிந்துவிடுவதால், உறை பிரிக்கப்படாதவரை இது மாதக்கணக்கில் கெடாது. பிரித்துவிட்டால் கணக்கு மாறிவிடும்.

பொதுவான கால அளவுகளைச் சொல்வதென்றால், குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே வைக்கப்பட்ட கெட்டியான பாலாடைக்கட்டி, பிரிக்காத நிலையில் 6 மாதங்கள் வரையிலும், பிரித்த பின்னர் 3 முதல் 4 வாரங்கள் வரையிலும் நன்றாக இருக்கும். மென்மையான வகைகள் பிரித்த பின் ஏறத்தாழ ஒரு வாரம். பன்னீருக்கு இரண்டு, மூன்று நாள்களே. கடையில் வெட்டி எடைபோட்டுத் தரும் பன்னீரை வாங்கிய அன்றோ, மறுநாளோ சமைத்துவிடுவதே நல்லது.

கெட்டுவிட்டது என்பதை எப்படி அறிவது? பார்மிஜானோ தயாரிப்பில் இதற்கென்றே பயிற்சி பெற்ற வல்லுநர்கள் இருக்கிறார்கள். 12 மாதங்கள் முடிந்ததும் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு சிறு சுத்தியலால் தட்டி, எழும் ஒலியைக் கேட்டு, உள்ளே விரிசலோ வெற்றிடமோ இருக்கிறதா என்று கண்டறிகிறார்கள். பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பதைப் போன்றதுதான். நமக்குச் சுத்தியல் தேவையில்லை. கண்ணும் மூக்கும் விரல் நுனியும் போதும். ஆனால், எதற்கு எது அடையாளம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், கெட்டதுபோலத் தோன்றினாலும் கெடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதிர்ந்த கட்டியில் உப்புக்கல் போன்ற வெண்ணிறப் படிகங்கள் காணப்பட்டால் அது பூஞ்சை அன்று; புரதம் சிதைந்து உண்டாகும் படிகம். பல்லில் நறுக்கென்று கடிபடும். பூஞ்சை பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும். கட்டியின் ஓரம் காய்ந்து வெடித்திருந்தால் சுவை குறைந்திருக்கிறது என்று பொருள். நஞ்சாகிவிட்டது என்று பொருளில்லை. மேற்பரப்பில் எண்ணெய்த் துளிகள் தெரிந்தால், கட்டி சற்று வெப்பமான இடத்தில் இருந்திருக்கிறது. பிரான்சின் ரோக்ஃபோர் போன்ற வகைகளில் உள்ள நீல நரம்புகளும், காமம்பேரின் வெண்ணிறத் தோலும் வேண்டுமென்றே வளர்க்கப்பட்ட பூஞ்சைகள்.

கெட்டியான கட்டியின் மீது நாம் வளர்க்காத பூஞ்சை தோன்றினால், முழுவதையும் எறிய வேண்டியதில்லை. பூஞ்சையைச் சுற்றியும் அதற்குக் கீழும் குறைந்தது 2.5 செ.மீ. அளவுக்கு வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்தலாம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. கத்தி பூஞ்சையில் படாமல் வெட்ட வேண்டும். வெட்டிய பின் புதிய உறையில் சுற்றி வைக்க வேண்டும். நீர் குறைந்த இறுகிய கட்டிக்குள் பூஞ்சையின் நூலிழைகள் ஆழமாக ஊடுருவ முடிவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

பன்னீர், மென்மையான கட்டிகள், துருவியவை, துண்டுகளாக்கியவை ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. ஓர் ஓரத்தில் பூஞ்சை தெரிந்தாலும் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். ஈரம் மிகுந்த பொருளில் நூலிழைகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். பூஞ்சையோடு பாக்டீரியாக்களும் வளர்ந்திருக்கக்கூடும். சில பூஞ்சைகள் நச்சுப் பொருள்களையும் உண்டாக்கும். பன்னீரைத் தொட்டால் பிசுபிசுப்பு, புளித்த வாடை, மஞ்சள் பாய்ந்த நிறம் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அது கெட்டுவிட்டது. மூடிய உறை காற்றடைத்ததுபோல் உப்பியிருந்தால், உள்ளே நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. பிரித்துப் பார்க்கவும் வேண்டாம்.

'குழம்பில் போட்டுக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்வோர் உண்டு. கொதிநிலை பெரும்பாலான பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும் என்பது உண்மையே. ஆனால், ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகும்போது வெளியிடும் நச்சு சமையல் வெப்பத்தில் அழிவதில்லை. பாக்டீரியா இறந்தாலும் அதன் நஞ்சு எஞ்சியிருந்து வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். கெட்டதைச் சமைத்துச் சீராக்க முடியாது.

கண்ணுக்கும் மூக்கிற்கும் எட்டாத ஓர் ஆபத்தும் உண்டு. அதுதான் தேதியை மதிக்க வேண்டிய இடம். லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியா, மற்ற பல நுண்ணுயிர்கள் முடங்கிவிடும் குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் மெதுவாகப் பெருகும். அது பெருகியிருக்கும் உணவில் நிறமோ, மணமோ, சுவையோ மாறுவதில்லை. 1985-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மெக்சிகோ பாணி மென்மையான பாலாடைக்கட்டியை உண்டதால் 142 பேர் இந்த நோய்க்கு ஆளானார்கள்; கருவிலிருந்த சிசுக்களையும் சேர்த்து 48 உயிர்கள் பலியாயின. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கர்ப்பிணிகளும் அவர்களின் சிசுக்களும். முதியவர்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அறுபதைக் கடந்த என் போன்றோர் மென்மையான பாலாடைக்கட்டியில் மூக்கை மட்டும் நம்பக் கூடாது.

ஆக, விதி எளிமையானது. கெட்டியான பாலாடைக்கட்டியில் தேதி ஒரு வழிகாட்டி. இறுதித் தீர்ப்பைக் கண்ணும் மூக்கும் வழங்கலாம். ஈரமான பாலாடைக்கட்டியில் கண்ணும் மூக்கும் 'கெட்டது' என்று சொன்னால் நம்ப வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் மட்டும் நம்பிவிடக் கூடாது. அங்கே தேதியே எல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இந்த வேறுபாட்டை அங்கீகரிக்கிறது. விரைவில் கெட்டு உடல்நலத்துக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய உணவுகளில் 'யூஸ் பை' தேதி இடம்பெற வேண்டும். அந்த நாள் கடந்த உணவு பாதுகாப்பற்றதாகவே கருதப்படும். மற்றவற்றில் 'பெஸ்ட் பிஃபோர்' தேதி. அது தரத்தைக் குறிப்பது, பாதுகாப்பைக் குறிப்பதன்று. முன்னது எச்சரிக்கை, பின்னது உத்தரவாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலமும் 2024-இல் இயற்றிய சட்டத்தின் மூலம், நுகர்வோரைக் குழப்பும் 'செல் பை' தேதியைக் கைவிட்டு, தரத்துக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று என இரண்டு வகைச் சொற்களை மட்டும் வரையறுத்திருக்கிறது.

நம் நாடு எதிர்த் திசையில் சென்றிருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தயாரித்த அல்லது உறையிலிட்ட நாளும், 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' நாளும் கட்டாயம். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது விரும்பினால் கூடுதலாகச் சேர்க்கக்கூடிய தகவல். குழப்பத்தைத் தவிர்ப்பதற்கு ஒரே தேதி உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், மூன்று நாளில் ஆபத்தாக மாறும் பொருளுக்கும், மூன்று மாதத்தில் சுவை சற்றே குன்றும் பொருளுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால், அந்தச் சொல்லின் எச்சரிக்கை வலிமை குறைந்துவிடுகிறது.

சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பதன் விளைவுகளை, 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அகெர்லாஃப் விளக்கினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உறையின் மீதுள்ள தேதி அந்த அறியாமையைக் குறைக்கும் ஒரு கருவி. ஆனால், அந்த நாள் எது என்பதைப் பெரும்பாலும் உற்பத்தியாளரே முடிவு செய்கிறார். பொருள் கெட்டுப் புகார் வந்தால் இழப்பு அவருக்கு. நல்ல பொருளை நாம் எறிந்தால் இழப்பு நமக்கு. இந்நிலையில், அவர் பாதுகாப்பான பக்கமே சாய்வது இயல்பு. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தேதியைப் படிக்கும்போது அதை எழுதியவரின் நலனையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இழப்பு சிறியதன்று. ஒரு கிலோ கெட்டியான பாலாடைக்கட்டிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால் தேவை. 200 கிராம் கட்டியொன்றை எறிந்தால் 2 லிட்டர் பாலைக் கீழே கொட்டியதற்குச் சமம். அந்தப் பாலைக் கறந்தவரின் உழைப்பும், மாட்டின் தீவனமும், தண்ணீரும் அதில் அடக்கம். ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானதாகவும் கணக்கிடுகிறது.

தேதிக்கு இன்னொரு வரம்பும் உண்டு. அது சொல்லும் வாக்குறுதி, உறை பிரிக்கப்படாமலும் சரியான குளிரிலும் இருந்தால் மட்டுமே செல்லும். நம் கோடையில், மின்வெட்டில், கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அந்த நிபந்தனை முறிந்துவிடுகிறது. மின்சாரம் நின்றால் திறக்காத குளிர்பதனப் பெட்டி சுமார் 4 மணி நேரம் குளிரைத் தக்கவைக்கும். அதன் பிறகு கெட்டியான கட்டிகளும் பிராசஸ்டு சீஸும் தாங்கும். பன்னீரும் மென்மையான வகைகளும் 2 மணி நேரத்துக்கு மேல் குளிரின்றி இருந்தால் எறிந்துவிட வேண்டும். 32 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் அந்த அவகாசம் ஒரு மணி நேரம்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. பாலாடைக்கட்டியைப் பெட்டியின் கதவுத் தட்டில் வைக்காமல் உள்தட்டில் வைக்கலாம். கதவு திறக்கும்போதெல்லாம் வெப்பம் முதலில் தாக்குவது கதவுத் தட்டைத்தான். கெட்டியான கட்டியை மெழுகுத்தாளில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். ஈரக் கையும் ஈரக் கத்தியும் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரித்த நாளை உறையின் மீது பேனாவால் எழுதி வைக்க வேண்டும். கெட்டியான கட்டி மிகுந்துவிட்டால் உறைநிலைப் பகுதியில் வைக்கலாம். பின்னர் உதிர்ந்துபோகும் என்றாலும் சமையலுக்கு உதவும்.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. பாதுகாப்பு எல்லையையும் தர எல்லையையும் தனித்தனிச் சொற்களால் குறிக்கும் முறைக்கு நாம் திரும்ப வேண்டும். 'பிரித்த பின் எத்தனை நாள்' என்பது, தேதிக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். மூன்றாவதாக, தற்போதைய விதிகளின்படி உறையில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். பிற மொழிகள் உற்பத்தியாளரின் விருப்பம். தமிழ்நாட்டில் விற்கப்படும் பன்னீர் உறையில், 'பிரித்த பின் மூன்று நாள்களுக்குள் பயன்படுத்தவும்' என்ற ஒரு வரி தமிழில் இல்லையென்றால், ஆங்கிலமும் இந்தியும் அறியாத ஒரு கர்ப்பிணிக்கு அந்த எச்சரிக்கை எழுதப்படவே இல்லை என்றுதான் பொருள்.

விலை உயர்ந்த இயந்திரமோ புதிய ஆராய்ச்சியோ இதற்குத் தேவையில்லை. உறையில் ஏற்கெனவே உள்ள இடத்தில் இரண்டு வரிகள் தமிழில் போதும். அவை வரும்வரை, தேதியைப் பார்ப்பதற்கு முன் கையிலிருப்பது கெட்டியா, ஈரமா என்று பார்ப்போம். நல்ல உணவைக் குப்பைக்கு அனுப்பாமலும், கெட்ட உணவை வயிற்றுக்கு அனுப்பாமலும் இருக்க அதுவே முதல் படி.